நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைப் புகார்: அமெரிக்காவில் செட்டில்மென்ட் விதிகள் மாறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஓட்டல் சமையற்கட்டிலும் கிடங்கிலும் ஆஸ்பத்திரியிலும் கணினி நிறுவனத்திலும் வேலை பார்க்கும் நம் ஆட்கள் சிலருக்கு, தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திலிருந்து (NLRB; கீழே ‘வாரியம்’) வரும் கடிதங்களைத் தமிழில் விளக்கிச் சொல்லி வருகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒரே சந்தேகம் பத்துப் பேரிடமிருந்து வந்துவிட்டது. அதிலும் 2025-க்குப் பிறகு, “போன வருஷம் என் நண்பனுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை?” என்று கேட்காதவர்கள் குறைவு. அதனால் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். உங்கள் வழக்கில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடமோ யூனியனிடமோ காட்டிவிடுங்கள்.

நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைன்னா என்ன? முதலாளி மோசமா நடந்துக்கிட்டா போதுமா?

போதாது. 1935-ல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் தொழிலாளர்களுக்கு ஒரு குறிப்பிட்ட உரிமையைத் தருகிறது. யூனியன் அமைக்கலாம், கூட்டாகப் பேரம் பேசலாம், சம்பளத்துக்காகவும் வேலை நிலைமைக்காகவும் ஒருவருக்கொருவர் துணை நிற்கலாம். இது அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு. இந்த உரிமையை முதலாளி தடுத்தாலோ, மிரட்டினாலோ, அதற்காக வேலையைவிட்டு நீக்கினாலோ, யூனியனோடு பேச மறுத்தாலோ, அதுதான் நியாயமற்ற நடைமுறை. 1947-ல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி திருத்தத்துக்குப் பிறகு யூனியன் மீதும் இதே மாதிரி புகார் கொடுக்கலாம்.

மேனேஜர் கத்துகிறார், ஓவர்டைம் பணம் தரவில்லை என்பவை தனியாக இதில் வராது. அதற்கு வேறு சட்டம், வேறு அலுவலகம். ஆனால் ஓவர்டைம் பணத்தை இரண்டு பேர் சேர்ந்து போய்க் கேட்டு, அதற்காக வேலை போனால், அது இங்கே வந்துவிடும்.

எங்க இடத்துல யூனியனே கிடையாது. எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். 7-வது பிரிவுக்கு யூனியன் தேவையில்லை. சேர்ந்து செயல்பட்டதாக இருந்தால் போதும். பண்ணைத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், அரசு ஊழியர்கள், மேற்பார்வையாளர்கள், சுயமாக ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் ஆகியோர் மட்டும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். ரயில்வேக்கும் விமான நிறுவனங்களுக்கும் தனிச் சட்டம் உண்டு.

புகார் குடுத்தா நேரா கோர்ட்டுக்குப் போயிடுமா?

போகாது. நீங்கள் கொடுப்பது வாரியத்தின் மண்டல அலுவலகத்தில் ஒரு புகார் மனு. சம்பவம் நடந்து 6 மாதத்துக்குள் கொடுத்து, எதிர்த்தரப்புக்கும் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு வந்தவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு மிகவும் கஷ்டப்படுகிறது. அலுவலகம் சாட்சிகளை விசாரிக்கும். வழக்கமாக 7 முதல் 14 வாரத்துக்குள் புகாரில் பலம் இருக்கிறதா என்று முடிவு செய்வதாக வாரியம் சொல்கிறது. பலம் இல்லையென்றால் தள்ளுபடி, அல்லது நீங்களே திரும்பப் பெறலாம்.

பலம் இருந்தால், குற்றச்சாட்டுப் பத்திரம் போடுவதற்கு முன் முதலாளியைக் கூப்பிட்டு “முடித்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்பார்கள். பலமுள்ள புகார்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஏதாவது ஒரு கட்டத்தில் செட்டில்மென்ட்டில்தான் முடிகின்றன. அதனால்தான் செட்டில்மென்ட் விதி மாறினால் எல்லாமே மாறியது போல ஆகிவிடுகிறது. நீதிபதி முன் போகும் வழக்குகள் செய்தியாகலாம். பெரும்பாலான தொழிலாளிக்குக் கையில் என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்த மேசைதான்.

செட்டில்மென்ட்ல எத்தனை வகை?

மூன்று. வாரியத்துக்கு வெளியே நீங்களும் முதலாளியும் பேசி முடித்து, புகாரைத் திரும்பப் பெறுவது ஒன்று. மண்டல இயக்குநர் ஒப்புதலோடு, வாரியத்தின் படிவத்தில் போடும் சாதாரண ஒப்பந்தம் இரண்டாவது. இதில் பொதுவாக முதலாளி, தொழிலாளர்களின் உரிமையைச் சொல்லும் அறிவிப்பை வேலையிடத்தில் 60 நாள் ஒட்டி வைக்க வேண்டும். மூன்றாவது, வாரியத்தின் உத்தரவும் மேல்முறையீட்டு நீதிமன்ற ஆணையும் பின்னால் நிற்கும் முறைப்படியான ஒப்பந்தம். இதை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. அதனால்தான் இது அரிது.

நம்மூரில் யூனியனில் இருந்தவர்களுக்கு, பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 18(1), 12(3) பிரிவுகளிலிருந்து ஒரு ஒப்புமை. “பதினெட்டு ஒண்ணு” போட்டால் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் கட்டும், சமரச அதிகாரி முன்னிலையில் “பன்னெண்டு மூணு” போட்டால் எல்லோரையும் கட்டும் என்போமே, கிட்டத்தட்ட அந்த வித்தியாசம். யார் முன்னிலையில் முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒப்பந்தத்தின் பலம் மாறுகிறது.

சட்டம் மாறவே இல்லங்கறாங்க. அப்புறம் இது மட்டும் எப்படி நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாறுது?

வாரியத்துக்கு இரண்டு தலைகள். ஒன்று, 5 உறுப்பினர் கொண்ட வாரியம்; அது தீர்ப்புச் சொல்லும். இன்னொன்று ஜெனரல் கவுன்சல் என்ற தலைமைச் சட்ட அதிகாரி. எந்த வழக்கை எடுப்பது, எதைக் கேட்பது என்று முடிவு செய்பவர் அவர். 1947-ல்தான் இந்த இரண்டையும் பிரித்தார்கள். ஜனாதிபதி நியமித்து செனட் உறுதி செய்யும் ஜெனரல் கவுன்சலுக்குப் பதவிக்காலம் 4 ஆண்டு. வழக்குத் தொடரும் விஷயத்தில் அவர் பேச்சுதான் கடைசி.

மண்டல அலுவலகங்கள் எப்படிச் செட்டில் செய்ய வேண்டும் என்பதை அவர் மெமோ போட்டுச் சொல்வார். மெமோவுக்கு நாடாளுமன்றம் வேண்டாம், பொதுமக்கள் கருத்தும் வேண்டாம். ஒரே கையெழுத்தில் வரும், ஒரே கையெழுத்தில் போகும். 2017-ல் பீட்டர் ராப் ஜெனரல் கவுன்சலாக வந்ததும் முந்தையவரின் மெமோக்களை ரத்து செய்தார். 2021-ல் ராப் நீக்கப்பட்டதும் அவருடையவை போயின. 2025-ல் அடுத்த சுற்று. தொழிலாளியின் உரிமை சட்டத்தில் நிலையாக இருக்க, அதற்குக் கிடைக்கும் பரிகாரம் மட்டும் ஊசல் போல ஆடுவது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

2021-ல அப்படி என்ன வந்துச்சு?

அந்த ஜூலையில் ஜெனிஃபர் அப்ரூஸோ ஜெனரல் கவுன்சல் பதவிக்கு வந்தார். செப்டம்பரில் 21-06, 21-07 என்று இரண்டு மெமோ. இரண்டாவதுதான் செட்டில்மென்ட் பற்றியது. அது மண்டல அலுவலகங்களுக்குச் சொன்னது இது: பின்சம்பளத்தில் (வேலை இல்லாத காலத்தில் இழந்த சம்பளம்) தள்ளுபடி பேசாதே, 100 சதவீதம் கேள். வேலை போனதால் வந்த மற்ற நஷ்டங்களையும் கேள். திரும்ப வேலைக்குப் போக விரும்பாதவருக்கு அதற்கு ஈடான முன்சம்பளம் (இனி வரவேண்டிய சம்பளத்துக்குப் பதிலான தொகை) கேள். மன்னிப்புக் கடிதம், அறிவிப்பை ஊழியர்கள் முன் வாய்விட்டு வாசிப்பது போன்றவற்றையும் யோசி. ஒப்பந்தத்தை மீறினால் என்ன ஆகும் என்ற வாசகத்தைக் கட்டாயம் சேர். “தவறை ஒத்துக்கொள்ளவில்லை” என்ற வரியை எளிதில் அனுமதிக்காதே.

2025-ல எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாமே?

செட்டில்மென்ட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆமாம். ஜனவரி 27 அன்று அப்ரூஸோ நீக்கப்பட்டார். பொறுப்பில் வந்த வில்லியம் கோவன் பிப்ரவரி 14-ல் 25-05 மெமோ போட்டு மேலே சொன்ன இரண்டையும், இன்னும் பலவற்றையும் ரத்து செய்தார். வழக்குகள் குவிந்து கிடக்கின்றன, எல்லாவற்றையும் சாதிக்கப் பார்த்தால் எதுவும் நடக்காது என்பது அவர் சொன்ன காரணம். மே 16-ல் வந்த 25-06 மெமோ புது வழியைச் சொன்னது. முழுப் பரிகாரம் என்று பிடிவாதம் வேண்டாம். நியாயமான ஒப்பந்தத்தை மண்டல இயக்குநர் ஏற்கலாம். வெளியே பேசி முடித்தவற்றுக்கு மதிப்புக் கொடு. “ஒத்துக்கொள்ளவில்லை” வரியை அனுமதிக்கலாம். மீறல் வாசகம் எல்லா ஒப்பந்தத்திலும் வேண்டாம். மன்னிப்பு, வாசித்தல் எல்லாம் கொடுமையான, பரவலான மீறல்களுக்கு மட்டும்.

குவிந்த வழக்கு என்பது கட்டுக்கதை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 20,000 புகார்கள் வருகின்றன. 100 சதவீதம் வாங்கித் தருகிறேன் என்று இரண்டு வருடம் இழுத்ததில், வாடகை கட்ட முடியாமல் ஊரைவிட்டே போனவர்களும் உண்டு. ஆனால் ஆள் போதவில்லை என்றால் ஆளைப் போட வேண்டும். தொழிலாளியின் பங்கைக் குறைத்து வேலையை வேகமாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்போ முதலாளிக்கு இனிமே கட்டுப்பாடே இல்லையா?

இருக்கிறது. மெமோ தொட முடியாதவை சட்டத்தின் 10(சி) பிரிவில் உள்ளன: தவறை நிறுத்தும் உத்தரவு, பின்சம்பளத்தோடு வேலை. பழிவாங்கி வேலையைவிட்டு எடுப்பது 1935-லும் தப்பு, இன்றும் தப்பு. ஆனால் இந்தச் சட்டத்தில் அபராதம் கிடையாது என்பதைப் பலர் நம்புவதில்லை. வாரியத்தின் உத்தரவு இழப்பை ஈடுகட்டத்தான், தண்டிக்க அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1938-லிருந்தே சொல்லி வருகிறது. அபராதமே இல்லாத சட்டத்தில் செட்டில்மென்ட் தொகையையும் தளர்த்தினால் முதலாளிக்கு என்ன பயம் மிஞ்சும் என்பதுதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி.

பின்சம்பளம்னு எவ்வளவு வரும்? கணக்கு எப்படி?

உதாரணத்துக்கு, மணிக்கு 18 டாலர், வாரம் 40 மணி நேரம். வாரச் சம்பளம் 720 டாலர். 30 வாரம் வேலை இல்லாமல் இருந்தால் 21,600. அந்தக் காலத்தில் வேறு இடத்தில் 9,000 சம்பாதித்தீர்கள் என்றால் அதைக் கழிப்பார்கள், மீதி 12,600. கழிப்பது மூன்று மாதத்துக்கு ஒரு கணக்காக நடக்கும். ஒரு காலாண்டில் அதிகம் சம்பாதித்ததை இன்னொரு காலாண்டில் கழிக்க முடியாது. இதற்கு மேல், தினசரி கூட்டு வட்டி.

100 சதவீதக் காலத்தில் 12,600-லிருந்து பேச்சு இறங்காது. இப்போது 75 சதவீதத்துக்கு முடித்தால் 9,450. அந்த 3,150 டாலர் பேரத்தில் போவது. வேலை தேடியதற்கான ஆதாரங்களையும் (விண்ணப்பங்கள், மின்னஞ்சல்கள்) வேறு வேலையின் சம்பளச் சீட்டுகளையும் முதல் நாளிலிருந்து எடுத்து வையுங்கள். வேலையே தேடவில்லை என்று காட்டினால் முதலாளி தொகையை வெட்டுவார்.

வேலை போனதால கிரெடிட் கார்டு வட்டி, ஆஸ்பத்திரி பில்லு ஏறிடுச்சு. அதையும் கேக்கலாமா?

கேளுங்கள், ஆனால் இது இப்போது வழுக்குப் பாறை. 2022 டிசம்பரில் த்ரைவ் என்ற நிறுவனத்தின் வழக்கில் வாரியம், மீறலால் நேரடியாகவோ எதிர்பார்க்கக்கூடிய வகையிலோ வந்த பண நஷ்டம் முழுவதையும் ஈடுகட்டலாம் என்றது. இது வாரியத்தின் தீர்ப்பு என்பதால் மெமோவால் அழிக்க முடியாது. வாரியமே மாற்ற வேண்டும், அல்லது நீதிமன்றம். அந்த நீதிமன்றங்களும் ஒத்துப்போகவில்லை. 2024 டிசம்பரில் ஸ்டார்பக்ஸ் வழக்கில் 3-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. அடுத்த மாதமே 9-வது வட்டார நீதிமன்றம் உண்டு என்றது.

ஆக, நீங்கள் வேலை பார்க்கும் மாநிலம் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதும் பேரத்தில் ஒரு அம்சம். 25-06 மெமோவும் தெளிவான ஆதாரம் இருந்தால்தான் இதைக் கேட்கச் சொல்கிறது. பில்லும், அது வேலை போனதால்தான் வந்தது என்பதற்கான தேதிகளும் கையில் இருக்கட்டும்.

“மீறல் வாசகம்”னு மேலே சொன்னீங்களே, அது ஏன் முக்கியம்?

என்னைக் கேட்டால், எடுக்கப்பட்டவற்றில் மிகப் பெரிய இழப்பு இதுதான். அந்த வாசகம் இருந்தால், முதலாளி ஒப்பந்தத்தை மீறி, எச்சரித்த பிறகும் சரிசெய்யாவிட்டால், குற்றச்சாட்டுகளை ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டு வாரியம் உத்தரவு போடலாம். இல்லாவிட்டால் பழைய வழக்கைத் திரும்பத் தூசி தட்டி, சாட்சிகளைத் தேடி, முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். 2021 டிசம்பரில் அமேசான் நாடு தழுவிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டபோது, வேலை நேரத்துக்கு வெளியே ஊழியர்கள் வளாகத்தில் கூடிப் பேச அனுமதித்தது மட்டும் முக்கியமில்லை. மீறினால் நீண்ட விசாரணையைத் தாண்டி நேரே போகலாம் என்ற ஏற்பாடுதான் அதன் பல்.

இன்றும் இது முழுக்கப் போய்விடவில்லை. முன்பே ஒப்பந்தத்தை மீறிய முதலாளி, தவணையில் பணம் தருகிறவர் போன்றவர்களுக்குக் கேட்கலாம். தவணை என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சமையற்காரர் ஆறு தவணைக்கு ஒத்துக்கொண்டார்; இரண்டுக்குப் பிறகு பணம் வரவில்லை. அவருடையது வெளியே பேசி முடித்தது, இந்த வாசகமும் இல்லை, வாரியத்தின் கையும் இல்லை.

“தப்பை ஒத்துக்கலை”ன்னு எழுதியிருந்தா நான் தோத்துட்டேன்னு அர்த்தமா?

இல்லை. பணமும் வேலையும் அதனால் குறையாது. அறிவிப்பும் ஒட்டத்தான் வேண்டும். ஆனால் அதே முதலாளி மீது அடுத்தவர் புகார் கொடுக்கும்போது, “ஏற்கெனவே ஒரு தடவை செய்தவர்” என்று காட்டுவது கடினமாகிறது. உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை, உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு உண்டு. தொகையை உயர்த்திக்கொண்டு இந்த வரியை விட்டுக்கொடுப்பவர்களை நான் குறை சொல்வதில்லை.

நான் கையெழுத்துப் போடலைன்னாலும் செட்டில் பண்ணிடுவாங்களா?

முடியும். நீங்கள் மறுத்தாலும், மண்டல இயக்குநர் நியாயம் என்று நினைத்தால் முதலாளியும் அலுவலகமும் மட்டும் கையெழுத்திடும் ஒருதரப்பு ஒப்பந்தத்தை ஏற்கலாம். அதை எதிர்த்து ஜெனரல் கவுன்சலிடம் மேல்முறையீடு செய்யலாம். கெடு தேதி உங்களுக்கு வரும் கடிதத்திலேயே இருக்கும். மெமோ மாறியதன் சூடு அதிகம் படுவது இங்கேதான். முன்பு முழுத் தொகை இல்லாமல் இப்படி முடிப்பது கடினம்.

இதற்கு அடுத்த படி ஒன்று உண்டு. நீங்களும் வேண்டாம், ஜெனரல் கவுன்சலும் வேண்டாம் என்றாலும் முதலாளி சொன்ன நிபந்தனையை நீதிபதி ஏற்று வழக்கை முடிப்பது. 2016-ல் முழுப் பரிகாரம் இருந்தால்தான் இது செல்லும் என்றார்கள், 2017-ல் தளர்த்தினார்கள், 2024 ஆகஸ்டில் இந்த வழக்கத்தையே வாரியம் நிறுத்தியது. இது வாரியத் தீர்ப்பு, ஆகவே த்ரைவ் போல இதையும் மெமோவால் அழிக்க முடியாது.

நியாயமா இல்லையான்னு எதை வச்சுப் பாக்கறாங்க?

1987-ல் இன்டிபெண்டன்ட் ஸ்டேவ் வழக்கில் வாரியம் வகுத்த அளவுகோல் இன்றும் நடப்பில் இருக்கிறது. யார் யார் ஒத்துக்கொண்டார்கள், ஜெனரல் கவுன்சல் என்ன சொல்கிறார். மீறலின் தன்மையையும் வழக்கில் தோற்கும் ஆபத்தையும் பார்த்தால் தொகை பொருந்துகிறதா. மிரட்டலோ ஏமாற்றோ நடந்ததா. முதலாளி இதற்கு முன் மீறியவரா. உங்கள் ஆட்சேபத்தை எழுதும்போது இந்த நான்கையும் வரிசையாகத் தொட்டு எழுதுங்கள். “எனக்கு அநியாயம் நடந்தது” என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குப் பிடி கிடைக்காது.

விசாவுல இருக்கேன். புகார் குடுத்தா ஆபத்தா? செட்டில்மென்ட் கிடைக்குமா?

சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. எச்-1பி-யில் இருப்பவரும் புகார் கொடுக்கலாம், பின்சம்பளமும் உண்டு. சிக்கல் வேறு: வேலை போனால் அமெரிக்காவில் தங்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான், விசாரணை அதற்குள் முடியாது. பிறகு வேலையைத் திரும்பத் தருகிறேன் என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் விசா தானாகத் திரும்பாது. ஆகவே புது விண்ணப்பம் யார் போடுவது, செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதக் கேளுங்கள். குடியேற்ற வக்கீல் ஒருவரும் பார்க்கட்டும்.

வேலை செய்ய அனுமதி இல்லாதவர்களுக்கு, ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் பின்சம்பளம் இல்லை என்றுவிட்டது. அவர்களை மிரட்டுவதும் பழிவாங்குவதும் அப்போதும் சட்டமீறல்தான்.

2025-ல வாரியமே மூடிக் கிடந்துச்சுன்னு சொன்னாங்க. என் வழக்கு என்ன ஆகும்?

ஜனவரி 27 அன்றே உறுப்பினர் க்வின் வில்காக்ஸும் நீக்கப்பட்டார். முடிவெடுக்க 3 உறுப்பினர் வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, மிஞ்சியது இருவர். டிசம்பரில் செனட் புது உறுப்பினர்களை உறுதி செய்யும் வரை மேல்முறையீடுகள் தேங்கின. மண்டல அலுவலகங்கள் மூடவில்லை. விசாரணையும் செட்டில்மென்ட்டும் நடந்தன. ஆனால் “மேலே போனால் ஆளே இல்லை” என்பது பேரத்தில் முதலாளிக்குச் சாதகமாக இருந்தது. அதே டிசம்பரில் கிரிஸ்டல் கேரி ஜெனரல் கவுன்சலாக உறுதி செய்யப்பட்டார். ஆகவே நீங்கள் இதைப் படிக்கும் நாளில் எந்த மெமோ நடப்பில் உள்ளது என்று வாரியத்தின் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

2023-லயே கையெழுத்துப் போட்டாச்சு. மெமோ போனதால அது செல்லாதா?

செல்லும். மெமோ என்பது அலுவலகத்துக்குச் சொல்லும் வழிமுறை. ஒப்பந்தம் தனியாக நிற்கும். அதில் மீறல் வாசகம் இருந்தால் அதுவும், எழுதப்பட்ட காலம் வரை உயிரோடுதான் இருக்கிறது. முதலாளியின் ஆள் வந்து “அந்த விதியெல்லாம் போச்சு” என்று சொன்னால் நம்பாதீர்கள். மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் போடுங்கள்.

இப்பவே முடிச்சுக்கலாமா, ஆட்சி மாறட்டும்னு காத்திருக்கலாமா?

புகாரைத் தள்ளிப்போட முடியாது. அந்த 6 மாதத்துக்கு ஆட்சி தெரியாது. புகார் கொடுத்த பிறகு காத்திருக்கலாம், ஆனால் வேண்டுமென்று இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாட்சி சொல்ல வேண்டியவர் வேறு ஊருக்குப் போய்விடுவார், கடை கைமாறிவிடும், ஒருதரப்பு ஒப்பந்தம் பற்றி மேலே சொன்னபடி உங்களைக் கேட்காமலே முடிந்தும் விடலாம்.

நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான்: முழுக் கணக்கு எவ்வளவு என்று அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தருகிற தொகை அதில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தவணையா, ஒரே தடவையா, அறிவிப்பு உண்டா, மீறினால் என்ன வழி, வேலைக்குத் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கேயே கையெழுத்துப் போடச் சொன்னால், தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க இரண்டு நாள் கேளுங்கள்.